4 அடித் தொட்டியில் ஆப்பிரிக்க சிக்லிட்: இந்தப் பட்டியல் சரியா?

புதுத்தண்ணி

எல்லோருக்கும் வணக்கம். நாலு வருடமாக கப்பியும் மோலியும் வளர்ப்பவன் நான். இப்போது 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தொட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. கடையில் "ஆப்பிரிக்க சிக்லிட் கலவை" என்று எழுதி ஒட்டியிருந்த தொட்டி முன்னால் அரை மணி நேரம் நின்றேன். கடல் மீன் மாதிரி நிறம், அதற்கு உப்புத் தண்ணீர்கூட வேண்டாமாம். விடுவேனா?

பட்டியல் போட்டுவிட்டேன்: யெல்லோ லேப் 4, ஆரட்டஸ் 2, கென்யி 2, பீக்காக் 4, ஃப்ரான்டோசா 2, வெனுஸ்டஸ் 1. அடியில் வெள்ளை மணல், நடுவில் ஒரு பெரிய கல், சுற்றிலும் செடி. சனிக்கிழமை தண்ணீர் நிரப்பி ஞாயிற்றுக்கிழமை மீன் விடலாம் என்று இருக்கிறேன். ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள்.

கல்லடுக்கி

விட்டுப்போனது எதுவும் இல்லை. போட்டதில்தான் பாதியை விட வேண்டும்.

வெனுஸ்டஸ் 25 செ.மீ. வளரும், வாயில் அடங்குகிற மீனையெல்லாம் விழுங்கும். ஃப்ரான்டோசா 30 செ.மீ.-ஐத் தாண்டும். அது டாங்கனிக்கா ஏரியின் ஆழத்தில் நிதானமாக நீந்துகிற மீன், மற்றதெல்லாம் மலாவி ஏரி. ஆரட்டஸ் கடையில் மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட சாதுக் குட்டியாகத்தான் இருக்கும். ஆண் வளர்ந்து கறுத்த பிறகு தொட்டியில் யார் இருக்கலாம், யார் கிளம்பலாம் என்பதை அதுதான் முடிவு செய்யும். கென்யியும் அதற்குச் சளைத்ததல்ல. அதில் நீலமாக இருப்பது பெண், வளர்ந்து மஞ்சளாக மாறுவது ஆண். அதனால் உங்கள் யெல்லோ லேப் நான்கும் அதன் கண்ணுக்குப் போட்டிக்கு வந்த ஆணாகத்தான் தெரியும்.

கடைத் தொட்டியில் சண்டை இல்லையே என்று கேட்பீர்கள். அங்கே கல் இல்லை, பிடிக்க இடம் இல்லை, எல்லாம் விரல் நீளக் குஞ்சுகள். சண்டை போட ஒரு காரணம் வேண்டாமா? அந்தக் காரணத்தை நாம்தான் வீட்டில் கல் அடுக்கிக் கொடுக்கிறோம். அதனால் தொட்டியைத் திட்டமிடும்போது அழகை அப்புறம் பாருங்கள். முதலில் சண்டையைத் திட்டமிடுங்கள்: யார் யாரைத் துரத்துவார்கள், துரத்தப்பட்டது எங்கே போய் ஒளியும்.

ஞாயிற்றுக்கிழமை மீன் என்பதை மறந்துவிடுங்கள். அதை நீர்க்கணக்கு சார் வந்து சொல்வார்.

புதுத்தண்ணி

அண்ணா, ஒரே அடியில் என் கனவை அடித்துவிட்டீர்கள். சரி, எதைத்தான் வளர்ப்பது?

கல்லடுக்கி

அது எந்த மாதிரித் தொட்டி வேண்டும் என்பதைப் பொறுத்தது. நாள் முழுக்க ஓட்டமும் துரத்தலும் வேண்டும் என்றால் மலாவியின் எம்புனா. அந்த ஏரிக்கரை டோங்கா மக்கள் பாறை மீன்களுக்கு வைத்திருக்கும் பெயர் அது. பாறைமேல் படர்ந்திருக்கும் பாசியையும் அதற்குள் வாழும் சிறு பூச்சிகளையும் சுரண்டித் தின்னும் கூட்டம். பெரும்பாலானவை 8 முதல் 12 செ.மீ.-க்குள் நிற்கும். 4 அடிக்குச் சரியான அளவு.

பளபளப்பு வேண்டும், கொஞ்சம் அமைதியும் வேண்டும் என்றால் பீக்காக். அவை மணல் பக்கம் மேய்கிறவை. எம்புனாவோடு சேர்த்தால் நிறத்தை இழந்து மூலையில் நிற்கும். சேர்த்து வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், யெல்லோ லேபோடு சமாளிக்கவும் செய்கிறது. முதல் தொட்டியிலேயே அதை முயல வேண்டாம்.

ஏரிக்கரை

எல்லோரும் மலாவி மலாவி என்றே சொல்வதால் டாங்கனிக்காவுக்காக நான் ஒரு வார்த்தை. என் வீட்டில் இருப்பது மல்டி, முழுப்பெயர் மல்டிஃபேஸியேட்டஸ். ஆண் 4, 5 செ.மீ.-தான், பெண் அதைவிடச் சின்னது. ஏரியில் செத்த நத்தைகளின் காலி ஓடுதான் அவற்றுக்கு வீடு. தொட்டியில் கையளவு மணலும் 20 நத்தை ஓடும் போட்டு வையுங்கள், அப்புறம் டிவி பார்க்க மாட்டீர்கள். ஒவ்வொரு ஓடாகச் சுற்றி வந்து, வாயால் மணலை அள்ளி அந்தப் பக்கம் துப்பி, வாசல் மட்டும் தெரியும் வரை ஓட்டைப் புதைக்கும். பக்கத்து ஓட்டுக்காரி தன் மணலை இங்கே துப்பினால் அன்றைக்கு முழுக்கச் சண்டை. தண்ணீர் மாற்றக் கையை விட்டால் கட்டைவிரல் அளவு மீன் என் விரலைக் கடிக்க வரும்!

2 அடித் தொட்டியே தாராளம். உங்களுக்கு 4 அடி இருப்பதால் எம்புனாவே எடுங்கள். ஆனால் இரண்டாவது தொட்டி வாங்கும் நாள் வரும், அப்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

புதுத்தண்ணி

அக்கா, இரண்டாவது தொட்டி என்ற பேச்சை வீட்டில் யாரும் படித்துவிடாமல் இருக்க வேண்டும். எம்புனா என்று முடிவு. யெல்லோ லேபும் சௌலோசியும் போதுமா? சௌலோசி ஆண் நீலம், பெண் மஞ்சள் என்று படித்தேன். ஒரே இனத்தில் இரண்டு நிறம்.

கல்லடுக்கி

நல்ல மீன்தான். ஆனால் சௌலோசி பெண்ணின் மஞ்சளும் லேபின் மஞ்சளும் ஒன்றாகிவிடும், யார் யார் என்றே தெரியாது. கலப்புக் குஞ்சு வரவும் வாய்ப்புண்டு. ஒரே தொட்டியில் ஒரே மாதிரி நிறம் இரண்டு வேண்டாம்.

நான் போட்டால் இப்படிப் போடுவேன்: யெல்லோ லேப் 8, ரஸ்டி 8, டெமசோனி 12. மஞ்சள், துருப்பிடித்த ஊதா, நீலத்தில் கறுப்புப் பட்டை. மூன்றையும் 4 செ.மீ. குஞ்சுகளாக ஒரே நாளில் விட வேண்டும். டெமசோனி மற்ற இனத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. தன் இனத்தை மட்டும் விடாது. அதை நாலைந்து வாங்கினால் ஒவ்வொன்றாகச் செத்துக் கடைசியில் ஒன்று மிஞ்சும். பன்னிரண்டுக்குக் குறையாமல் இருந்தால் எந்த ஒன்றின் மேலும் அடி மொத்தமாக விழாது.

கணக்குப்பிள்ளை

மன்னிக்கவும், இங்கே எனக்கு உடன்பாடு இல்லை. 28 மீன்! தொட்டி கொள்ளளவு 255 லிட்டர், கல்லும் மணலும் போனால் 200 தேறும். மீனைக் குறைத்தால் கழிவும் குறையும், நோயும் குறையும். நெருக்கித் திணித்துவிட்டு அதைச் சண்டைக்கு மருந்து என்பது எனக்கு ஒப்பவில்லை. நான் 4 அடியில் லேப் மட்டும் 12 வைத்திருக்கிறேன், 3 வருடமாக ஒரு துடுப்பு கிழியவில்லை.

கல்லடுக்கி

லேப் மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி. அது எம்புனாக்களிலேயே சாது. டெமசோனியோடு அந்தக் கணக்கு உதவாது. கூட்டம் அதிகம் என்றால் வேலையும் அதிகம் என்பதை நான் மறுக்கவே இல்லை. வாரம் 40, 50 சதவீதம் தண்ணீர் மாற்ற முடியாதவர்கள் பிள்ளைவாள் வழியே போகலாம். அதுவும் நல்ல தொட்டிதான். குஞ்சுகள் வளர்ந்து ஆண் பெண் தெரிந்த பிறகு ஓர் ஆணுக்கு மூன்று, நான்கு பெண் என்ற கணக்கில் அதிகப்படி ஆண்களைக் கழித்துவிட்டால் கூட்டமும் தானாகக் குறையும்.

நீர்க்கணக்கு

தாமதமாக வருகிறேன். மீனை விடுங்கள், உங்கள் குழாய்த் தண்ணீரின் பிஎச் (அமில காரத் தன்மை), கேஎச் (பிஎச் சரியாமல் தாங்கும் கார்பனேட் அளவு) என்ன? அதைச் சொல்லாமல் 9 பதிவு ஓடியிருக்கிறது போல.

மலாவி ஏரியின் பிஎச் ஏறக்குறைய 7.7-இலிருந்து 8.6 வரை, வெப்பம் 24 முதல் 28 டிகிரி. டாங்கனிக்கா இன்னும் மேலே, 9-ஐத் தொடும். உங்கள் தண்ணீர் 7.6-க்கு மேல் இருந்து கேஎச் 6-ஐத் தாண்டினால் எதையும் சேர்க்காதீர்கள். எண்ணைத் துரத்திக்கொண்டு வாரம் ஒரு பொடி போடுபவர் தொட்டியில்தான் மீன் அதிகம் சாகிறது. மாறாமல் நிற்கும் 7.8, ஏறி இறங்கும் 8.4-ஐவிட நூறு மடங்கு மேல்.

கேஎச் குறைவாக இருந்தால் சமையல் சோடா போதும். பேக்கிங் பவுடர் அல்ல, அது வேறு. 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் கேஎச் 1 டிகிரி ஏறும். உப்பு வேண்டாம், இவை நன்னீர் மீன்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை விஷயம். மீன் கழிவிலிருந்து வருவது அம்மோனியா. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டருக்குள் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். கப்பித் தொட்டியில் இதைக் கவனிக்காமல் தப்பித்திருப்பீர்கள். இங்கே தப்ப முடியாது. 25 டிகிரியில், பிஎச் 7-இல் மொத்த அம்மோனியாவில் ஏறக்குறைய 0.6 சதவீதம்தான் நச்சு வடிவில் இருக்கும். அதே தண்ணீர் பிஎச் 8-இல் இருந்தால் 5 சதவீதத்துக்கு மேல். அதே கழிவு, ஏறக்குறைய பத்து மடங்கு விஷம். சிக்லிட்டுக்குப் பிடித்த தண்ணீரே அதன் கழிவைக் கூர்தீட்டிக் கொடுக்கிறது.

மீன் இல்லாமல் அம்மோனியம் குளோரைடு விட்டுத் தொடங்குங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும்படி. சோதனை செய்ய நீர்மம் ஊற்றிப் பார்க்கும் டெஸ்ட் கிட் வாங்குங்கள். நிரப்பும் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் முறிப்பான் போடாமல் ஊற்றாதீர்கள், வளர்க்கிற பாக்டீரியாவை நீங்களே கொன்றுவிடுவீர்கள்.

அரைத்தூக்கம்

கல் வைப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், ஏனென்றால் அடிபட்டவன்.

முதலில் மணலைப் பரப்பி அதன்மேல் அழகாக ஒரு குகை கட்டினேன். ஒரு யெல்லோ லேப், தினமும், ஒரு வாய் ஒரு வாயாக, அடிக்கல்லின் கீழே இருந்த மணலை அள்ளி எடுத்துக்கொண்டே இருந்தது. அழகாக இருக்கிறது என்று நான் வீடியோ எடுத்தேன். பதினோராவது நாள் ராத்திரி இரண்டு மணிக்கு "டம்" என்று ஒரு சத்தம். எழுந்து ஓடினால் மேல்கல் சரிந்து முன்கண்ணாடியில் சாய்ந்து நிற்கிறது. உடையவில்லை, என் உயிர்தான் பாதி போய் வந்தது. கீழே மாட்டிய ஒரு மீனைக் காப்பாற்ற முடியவில்லை.

அதனால் கல்தான் முதலில். அடிக் கண்ணாடிமேல் மெல்லிய தெர்மாகோல் அல்லது பிளாஸ்டிக் வலைப்பலகை, அதன்மேல் பெரிய கற்கள், கையால் ஆட்டினால் ஆடக் கூடாது. எல்லாம் நின்ற பிறகு கடைசியில் மணலைச் சுற்றிக் கொட்டுங்கள். ஸ்டாண்டை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தண்ணீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 400 கிலோவை நெருங்கும்.

செடி கேட்டிருந்தீர்கள். நட்டால் பிடுங்கிவிடும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் கல்லில் கட்டிவிட்டுப் பாருங்கள், தப்பித்தால் தப்பிக்கும்.

புதுத்தண்ணி

இரண்டு வாரக் கதை. பட்டியலைக் கிழித்தாகிவிட்டது. கல் முதலில், மணல் அப்புறம். நடுவில் பெரிய மலை ஒன்று கட்டியிருக்கிறேன், பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது. தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் ஒன்று, மேலே தொங்கும் ஃபில்டர் ஒன்று, இரண்டும் சேர்ந்து மணிக்கு 1,800 லிட்டர். ஹீட்டர் 300 வாட் ஒன்று வாங்குவதற்குப் பதில் 150 வாட் இரண்டு. ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் மீன் வெந்துபோகாது என்று இங்கேதான் பழைய பதிவு ஒன்றில் படித்தேன்.

தண்ணீர் பிஎச் 7.4, கேஎச் 4. அம்மோனியா விடத் தொடங்கிவிட்டேன். வெறும் தண்ணீரும் கல்லும். வீட்டுக்கு வருபவர்கள் மீன் எங்கே என்று கேட்கிறார்கள், பாக்டீரியா வளர்க்கிறேன் என்றால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

புதுத்தண்ணி

4-வது வாரம். மாட்டிக்கொண்டேன். அம்மோனியா குறைவதே நின்றுவிட்டது. நைட்ரைட் சோதனை பத்து நாளாக அதே கரும் ஊதா. எல்லாம் செத்துவிட்டதா?

நீர்க்கணக்கு

கேஎச் பார்த்தீர்களா?

புதுத்தண்ணி

இப்போதுதான் பார்த்தேன். 1. முதலில் 4 இருந்தது! பிஎச் 6.5.

நீர்க்கணக்கு

அதேதான். அம்மோனியாவை மாற்றும்போது பாக்டீரியா கேஎச்சைத் தின்றுகொண்டே போகும். அது தீர்ந்தால் பிஎச் சரியும், வேலை நிற்கும். பாதித் தண்ணீரை மாற்றுங்கள், பிறகு மறுபடி கேஎச் பாருங்கள். இரண்டரை வாக்கில் வரும். அதை 7-க்குக் கொண்டுபோக நாலரை டிகிரி, 200 லிட்டருக்கு 27 கிராம் சமையல் சோடா. மீன் இல்லாததால் ஒரே தடவையில் கரைத்து ஊற்றலாம். மீன் இருக்கும்போது இந்த வேலையை நாலைந்து நாளாகப் பிரித்துத்தான் செய்ய வேண்டும்.

இனி ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் புதுத் தண்ணீரின் அளவுக்குக் கணக்குப் போட்டுக் கலந்து ஊற்றுங்கள். பவளமணல் ஒரு பையில் கட்டி கேனிஸ்டருக்குள் வைத்தால் பிஎச் சரியும்போது மெல்லக் கரைந்து கை கொடுக்கும்.

புதுத்தண்ணி

சார், ஆறே நாளில் ஊதா போய் நீலம் வந்துவிட்டது. 2 மில்லிகிராம் அம்மோனியா 24 மணி நேரத்தில் சுத்தமாகக் காணாமல் போகிறது, நைட்ரைட்டும் இல்லை. பெரிய தண்ணீர் மாற்றம் செய்துவிட்டு நேற்று 28 குஞ்சுகளையும் விட்டேன். விளக்கை அணைத்து வைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு என்ன கொடுப்பது?

ஏரிக்கரை

ஸ்பிருலினா என்ற பாசி கலந்த சின்னக் குருணை, நாளுக்கு இரண்டு முறை, அரை நிமிடத்தில் தீர்ந்துபோகிற அளவு. டெமசோனிக்குக் குடல் நீளம், பாசி தின்று பழகியது. டியூபிஃபெக்ஸ் புழு, மாட்டு இதயம் எல்லாம் வேண்டாம். எம்புனா எப்போதும் பசியோடு இருப்பது போலவே நடிக்கும். கண்ணாடியில் முட்டி மோதிக் கெஞ்சும். நம்பாதீர்கள்.

புதுத்தண்ணி

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். ஒரு டெமசோனி பெரிதாகி என் கம்பீரமான மலையை மொத்தமாக எடுத்துக்கொண்டுவிட்டது. அதன் இனத்தில் மீதி 11-உம் மேலே, ஹீட்டர் பக்கத்தில் கொத்தாக நிற்கின்றன. இரண்டுக்கு வால் கிழிந்திருக்கிறது. அந்த ரவுடியை எடுத்துவிடவா?

கல்லடுக்கி

எடுத்தால் நாளைக்கு அடுத்தது அதே மலைமேல் ஏறும். தப்பு மீன்மேல் இல்லை. ஒரே மலை கட்டினால் ஒரே ராஜாதான். நடுவிலிருந்து அது எல்லாப் பக்கமும் பார்க்கிறது.

மலையைக் கலைத்து இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, நடுவில் இரண்டு சாண் வெறும் மணல் விடுங்கள். இந்தப் பக்கம் இருப்பதற்கு அந்தப் பக்கம் தெரியக் கூடாது. பொந்துகள் இரண்டு வாசலோடு இருக்கட்டும். ஒரு வாசல் என்றால் உள்ளே போனது மாட்டிக்கொள்ளும். சில கற்களைத் தண்ணீர் மட்டம் வரை உயர்த்துங்கள், மேலே ஓடி வந்தது ஒளிய இடம் வேண்டும். கலைக்கும்போதே எல்லோருடைய எல்லையும் அழிந்துவிடும், ராஜாவும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

புதுத்தண்ணி

நேற்று மூன்று மணி நேரம், இரண்டு வாளி, ஒரு முதுகுவலி. இன்றைக்குக் காலையில் பார்த்தால் ரவுடி இடது பக்கம், வலது பக்கத்தில் புதிதாக ஒரு சின்ன ரவுடி. இரண்டும் நடு மணலில் வந்து வாயைத் திறந்து காட்டிவிட்டுத் திரும்பிப் போகின்றன. ஹீட்டர் பக்கம் யாரும் இல்லை.

கணக்குப்பிள்ளை

சரி, ஒத்துக்கொள்கிறேன், இது வேலை செய்கிறது. நைட்ரேட் எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள்.

புதுத்தண்ணி

தண்ணீர் மாற்றுவதற்கு முந்தைய நாள் 30-ஐ ஒட்டி. வாரம் பாதி மாற்றுகிறேன் சார்.

ஆனால் இன்றைக்கு வேறு கவலை. ஒரு ரஸ்டி நாலு நாளாகச் சாப்பிடவில்லை. கல்லுக்குள்ளேயே இருக்கிறது. முகம் வீங்கியது போல இருக்கிறது. வயிறு ஊதிச் சாகும் நோய் ஒன்று உண்டாமே, அதுதானா? மருந்து வாங்கி வைத்துவிட்டேன்.

ஏரிக்கரை

மருந்தைத் திறக்காதீர்கள்! வீக்கம் எங்கே, வயிற்றிலா, தாடைக்குக் கீழேயா? கழிவு வெள்ளை நூல் மாதிரி தொங்குகிறதா? வாயை அசைபோடுவது போல் அசைக்கிறதா?

புதுத்தண்ணி

தாடைக்குக் கீழேதான். வயிறு ஒட்டியிருக்கிறது. வெள்ளை நூல் எதுவும் இல்லை. ஆமாம், வெற்றிலை மெல்லுவது போல மென்றுகொண்டே இருக்கிறது.

ஏரிக்கரை

அம்மா ஆகப்போகிறாள். முட்டையை வாயில் வைத்திருக்கிறாள், அவ்வப்போது புரட்டுகிறாள், அதைத்தான் மெல்லுவதாகப் பார்க்கிறீர்கள். ரஸ்டி சின்ன வயதிலேயே தொடங்கிவிடும். ஆணின் அடித்துடுப்பில் முட்டை மாதிரி மஞ்சள் புள்ளி இருக்கும், பாருங்கள். இட்ட முட்டையை உடனே வாயில் எடுத்துக்கொண்ட பெண், அந்தப் புள்ளியையும் முட்டை என்று கொத்தப் போகும்போது ஆண் விந்தை விடும். முட்டை வாய்க்குள்ளேயே கருவாகிவிடும். ஏறக்குறைய மூன்று வாரம் சாப்பிடாது.

புதுத்தண்ணி

தனித் தொட்டிக்கு மாற்றவா?

கல்லடுக்கி

பிடிக்கப் போனால் பயந்து துப்பிவிடலாம், முதல் தடவை வேறு. அங்கேயே விடுங்கள். வெளியே வருகிற குஞ்சுகளில் பெரும்பாலானதை மற்ற மீன் தின்னும், அதற்குத் தயாராக இருங்கள். கல்லிடுக்கு நன்றாக இருந்தால் ஓரிரண்டு தப்பும்.

புதுத்தண்ணி

22-வது நாள். காலையில் அவள் எல்லோரையும் முட்டிக்கொண்டு சாப்பிட வந்தாள், தாடை சப்பென்று இருந்தது. எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். ராத்திரி விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்தேன். வலது பக்கக் கல்லுக்கு அடியில், மணலுக்கும் கல்லுக்கும் நடுவில் விரல்கூட நுழையாத இடத்தில், இரண்டு கண். ஒரு அரிசி நீளம்கூட இருக்காது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

மெதுவாக அந்தக் கல்லைத் தூக்கி எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாமா?

அரைத்தூக்கம்

கையை வெளியே எடுங்கள்.